அதிகம் அறியப்படாத ரூட் பியர்கள்: எப்படிச் சுவைப்பது, எதைச் சேகரிப்பது?

வேலை நிமித்தமாக அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ரூட் பியர் என்பது, பெயரில் ‘பியர்’ இருந்தாலும், இன்று போதையில்லாமல் விற்கப்படும் நுரை ததும்பும் அமெரிக்கக் குளிர்பானம். அதில் ஏ அண்ட் டபிள்யூ நிறுவனத்தினுடையதைத் தவிர வேறெதையும் அவர் குடித்ததில்லை. சிற்றூர்களில் தயாராகும், வெளியே பெயர் பரவாத ரூட் பியர்களைத் தேடிச் சுவைக்கவும் அவற்றின் பாட்டில்களைச் சேர்க்கவும் விரும்புகிறார். எங்கிருந்து தொடங்கலாம் என்கிறார். பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். பெயர்கள் எண்ணிலடங்காதவை, ஆனால் அவற்றுக்குள் இருக்கும் சுவைக் குடும்பங்கள் நான்கைந்துதான். ஒரு மடக்கைக் குடித்தவுடன் அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று நாக்கு சொல்லிவிடும் நிலை வந்த பிறகு, கடைத்தட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது தானாகத் தெளிவாகும்.

இந்தப் பானத்தின் வரலாற்றில் ஒரு நிகழ்வை அறியாமல் அந்தக் குடும்பங்களைப் புரிந்துகொள்ள இயலாது. ரூட் பியருக்கு அடிப்படையாக இருந்தது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வளரும் சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டை. அங்குள்ள பழங்குடி மக்கள் அதை மருந்தாகப் பயன்படுத்தினார்கள். பின்னர் குடியேறிய ஐரோப்பியர்கள் அதனோடு பிர்ச் மரப்பட்டை, சார்சபரில்லா வேர், இஞ்சி முதலியவற்றைக் கொதிக்கவைத்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, மிகக் குறைந்த அளவே போதையுள்ள வீட்டுப் பானமாகப் புளிக்கவைத்தார்கள். அதை வணிகப் பொருளாக்கியவர்களில் முதன்மையானவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த மருந்துக் கடைக்காரர் சார்லஸ் எல்மர் ஹையர்ஸ். 1876ஆம் ஆண்டு அந்நகரில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியில் அவர் தம் ரூட் பியரை மக்களுக்கு அறிமுகப்படுத்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் முதலில் விற்றது பொட்டலமாகக் கட்டிய வேர், மூலிகைக் கலவையைத்தான். 25 சென்ட் கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கினால் வீட்டிலேயே ஐந்து காலன் பானம் தயாரிக்கலாம். பெயரில் ‘பியர்’ இருந்ததால் 1895இல் மதுவிலக்குப் பெண்கள் அமைப்பு ஒன்று அதைப் புறக்கணிக்கச் சொல்லிப் போராடியது. ஒரு பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால் அரை ரொட்டியில் இருப்பதைவிட அதிகமில்லை என்று ஆய்வகப் பரிசோதனை காட்டிய பின்னரே, மூன்றாண்டுகள் கழித்து, அந்தப் புறக்கணிப்பு ஓய்ந்தது. மதுவுக்கு மாற்றாக விற்கப்பட்ட பானத்தின் மீதே மதுவிலக்குக்காரர்கள் பாய்ந்தது வேடிக்கைதான்.

நான் சொன்ன நிகழ்வு 1960இல் நடந்தது. சாசஃப்ராஸ் வேர்ப்பட்டையின் எண்ணெயில் பெரும்பகுதி சாஃப்ரோல் என்ற வேதிப்பொருள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது தெரியவந்ததால், உணவில் அதைச் சேர்ப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தடைசெய்தது. சாஃப்ரோலை நீக்கிய சாசஃப்ராஸ் சாறுக்கு அனுமதி உண்டு. ஆனால் நீக்கும்போது பழைய மணத்தின் பெரும்பங்கும் உடன் போய்விடுகிறது. அதனால் அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனியாக முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. ஒருவர் விண்டர்கிரீன் என்ற மணச்செடியின் சுவையைக் கூட்டினார், ஒருவர் வெனிலாவைக் கூட்டினார், இன்னொருவர் அதிமதுரத்தையும் சோம்பையும் நாடினார். கோலா பானங்கள் பெரும்பாலும் ஒரே சுவையைச் சுற்றி வருகின்றன. ரூட் பியருக்கு அப்படி ஒரு நடு மையம் இன்று இல்லை; அந்த இன்மைதான் இதைத் தேடிச் சுவைக்கத் தகுந்ததாக ஆக்குகிறது. ‘அசல் பழைய சுவை’ என்று பாட்டிலில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை. பழைய சுவைக்கு ஓரளவேனும் நெருங்கிப் பார்க்க விரும்பினால், சாஃப்ரோல் நீக்கப்பட்ட சாசஃப்ராஸ் தேநீர்ச் சாறு பேப்பிஸ் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் கலந்து ஒருமுறை குடித்து மணத்தை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். பிறகு குடிக்கும் ஒவ்வொரு ரூட் பியரையும் அதனோடு ஒப்பிடலாம்.

இனிக் குடும்பங்கள். தமிழர்கள் பலரை முதல் மடக்கிலேயே முகம் சுளிக்கவைப்பது விண்டர்கிரீன் குடும்பம். அதன் மணத்துக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட்டை நாம் அறிந்திருப்பது மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் பூசும் தைலங்களில்தான். ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்தில் வைத்து விற்கப்படும் விண்டர்கிரீன் தைலமும் அதே மணமுடையது. அமெரிக்கச் செடிக்கு உறவான ஒரு புதர் நீலகிரி மலைகளில் விளைகிறது. அமெரிக்கக் குழந்தைகளோ இந்த மணத்தை மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சுவைத்து வளர்கிறார்கள். அவர்களுக்குத் தின்பண்டமாக இருப்பது நமக்கு மருந்தாகத் தோன்றுவதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணமில்லை. எனவே இந்தக் குடும்பத்திலிருந்து தொடங்காமல், பிற குடும்பங்களில் நன்கு பழகிய பின் இதற்குத் திரும்புவது நல்லது. மெய்ன் ரூட் நிறுவனத்தின் ரூட் பியரில் விண்டர்கிரீன் தெளிவாக முன்னே நிற்கும். இக்குடும்பத்தைப் படிக்க அது பொருத்தமான பாட்டில்.

இதன் நெருங்கிய உறவு பிர்ச் பியர். இனிப்பு பிர்ச் என்ற மரத்தின் பட்டையிலிருந்து வடிக்கும் எண்ணெயிலும் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட்தான். ஆயினும் பானத்தில் அது கூர்மையாகவும் குளிர்ச்சியாகவும் நாக்கில் நிற்கும். வெனிலாவின் கொழகொழப்பு இருக்காது. பென்சில்வேனியாவிலும் அதைச் சுற்றியுள்ள வடகிழக்கு மாநிலங்களிலும் இதற்கு ரூட் பியருக்கு நிகரான மதிப்பு உண்டு. சிகாகோவுக்கு மேற்கே போகப் போக இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பழுப்பு, சிவப்பு, நிறமற்றது என்று பல வடிவங்களில் வரும். நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் 1891இல் தொடங்கிய பாய்லன், கனெக்டிகட்டின் ஈஸ்ட் ஹேவனில் 1922இல் தொடங்கிய ஃபாக்ஸன் பார்க் ஆகியவற்றின் பிர்ச் பியர்களை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஃபாக்ஸன் பார்க்கின் வெள்ளை பிர்ச், அருகிலுள்ள நியூ ஹேவன் நகரத்துப் பீட்சாவுக்குத் துணையாகவே பெயர் பெற்றது. வடகிழக்குப் பயணம் ஏதேனும் அமைந்தால் தவறவிடக்கூடாத பானம் அது.

வெனிலா குடும்பம் எளிதில் பிடிக்கும். நீங்கள் அறிந்த ஏ அண்ட் டபிள்யூ இந்தக் குடும்பம்தான்; 1919இல் கலிஃபோர்னியாவின் லோடை நகரில் ராய் ஆலன் தொடங்கிய கடையிலிருந்து அது வளர்ந்தது. ஆனால் இக்குடும்பத்தின் ஆழத்தைப் பார்க்க நீங்கள் இருக்கும் பகுதியே சிறந்த இடம். மில்வாக்கியின் ஸ்ப்ரெக்கர் மதுவடிப்பகம் தன் ரூட் பியரை நெருப்பின் மேல் வைத்த கொப்பரையில் காய்ச்சி, விஸ்கான்சின் தேனைச் சேர்க்கிறது. தேனின் மணம் முதலில் வருவதில்லை. விழுங்கிய பின் தொண்டையில் தங்குகிறது. கடையில் எளிதில் கிடைக்கும் ஒன்றைச் சாதாரணமாக எண்ணும் பழக்கம் சேகரிப்பவர்களிடம் உண்டு. அந்த நோய் தொற்றுவதற்கு முன்பே ஸ்ப்ரெக்கரைக் கவனமாகக் குடித்துவிடுங்கள். கொலராடோவின் ஐடஹோ ஸ்பிரிங்ஸிலிருந்து வரும் டாமிநாக்கர் தேனுக்குப் பதில் மேப்பிள் பாகைச் சேர்ப்பதால் இதற்கு நல்ல இணை. இரண்டையும் அருகருகே வைத்துக் குடித்தால் இனிப்புக்கும் மணம் உண்டு என்பது விளங்கும்.

மூன்றாவது, நாக்கைச் சற்றுக் கடிக்கும் குடும்பம். மிசிசிப்பியின் பிலாக்ஸியில் 1898இல் எட்வர்ட் பார்க் தொடங்கிய பார்க்ஸ் இதன் புகழ்பெற்ற உறுப்பு. நுரை குறைவு, வாயு கூடுதல், இனிப்பு சற்றே பின்வாங்கி நிற்கும்; ரூட் பியர்களில் வழக்கமாக இல்லாத காஃபீன், 355 மில்லி கேன் ஒன்றுக்குச் சுமார் 22 மில்லிகிராம், இதில் உண்டு. சார்சபரில்லா என்று பெயரிட்டு வரும் பானங்களையும் இந்தக் குடும்பத்தோடு சேர்த்தே சுவைக்கலாம். அங்கே நம்மவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. நன்னாரியை இந்தியச் சார்சபரில்லா என்று அழைப்பதால், அந்தப் பாட்டிலில் கோடைக்கால நன்னாரி சர்பத்தின் மணம் வரும் என்று எதிர்பார்க்கிறோம், வருவதில்லை. அமெரிக்கச் சார்சபரில்லா முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த முட்கொடி. அதன் வேர் கசக்குமே தவிரப் பெரிதாக மணக்காது. அந்தப் பெயரில் விற்ற பழைய பானங்களில் மணம் தந்தது பெரும்பாலும் சாசஃப்ராஸும் பிர்ச்சும்தான். நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான பொருளோ வெனிலினின் அதே அணுக்களை வேறு அமைப்பில் கொண்டது. ஆகவே நன்னாரியை நினைவூட்டும் ரூட் பியர் வேண்டுமென்றால் வெனிலா குடும்பத்தில்தான் தேட வேண்டும். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படாது. சார்சி என்ற சார்சபரில்லாக் குளிர்பானமும் ஏ அண்ட் டபிள்யூ கடைகளும் அங்கே அவர்கள் வளர்ந்த சூழலின் பகுதி, சார்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் வழக்கமும் அவர்கள் அறிந்தது.

கடைசியாக மசாலாக் குடும்பம். விர்ஜில்ஸ் ரூட் பியரின் பாட்டிலில் அச்சிட்ட பொருட்பட்டியலைப் படித்தால், மளிகைக் கடைச் சீட்டு என்றே தோன்றும்: சோம்பு, அதிமதுரம், கிராம்பு, சாதிக்காய், வெனிலா, இலங்கையின் இலவங்கப்பட்டை. நமக்கு மிக எளிதில் பிரித்தறிய வரும் குடும்பம் இதுவே. அமெரிக்க நண்பர்கள் ‘ஏதோ மசாலா’ என்று நிறுத்திக்கொள்ளும் இடத்தில், சீனப் பட்டைக்கும் இலங்கைப் பட்டைக்கும் உள்ள வேறுபாட்டையே நம் வீட்டு நாக்கு சொல்லிவிடக்கூடும். அதிமதுரம் மிகுந்தால் விழுங்கிய பிறகும் இனிப்பு நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மேன்மை என்று சிலர் சொல்வார்கள், எனக்குச் சலிப்பூட்டும். ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நிறுவனமும் அதிமதுரம், இஞ்சி, சார்சபரில்லா ஆகியவற்றைக் காய்ச்சி ரூட் பியர் செய்கிறது. அமெரிக்கக் கடைகளிலும் கிடைப்பதால் வேற்று நாட்டு வடிவம் எப்படியிருக்கும் என்று பார்க்க உதவும்.

நுரையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நல்ல ரூட் பியரின் நுரை சிறு குமிழிகளாக, இறுக்கமாக, சில நிமிடங்கள் நிற்கும். பழைய காலத்தில் வேர்களில் இருந்த சப்போனின்களே அதைக் கொடுத்தன. இப்போது சிலி நாட்டின் குயிலாயா மரப்பட்டைச் சாறோ யூக்கா செடியின் சாறோ சேர்க்கப்படுகின்றன. நம் ஊர்ப் பூந்திக்கொட்டையை நுரைக்கவைக்கும் பொருளும் சப்போனின்தான். லூசியானாவின் அபிடா, கரும்புச் சர்க்கரையும் யூக்காவும் சேர்த்துச் செய்யும் ரூட் பியரை உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். நுரை வெறும் அலங்காரமில்லை. மணத்தை மூக்கருகே பிடித்து வைப்பது அது. பாட்டிலிலிருந்து நேராகக் குடிப்பவர்கள் சுவையில் பாதியை இழக்கிறார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

சுவைக்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள். ஒரே அமர்வில் மூன்று அல்லது நான்குக்கு மேல் வேண்டாம். விண்டர்கிரீன் நாக்கை மரத்துப்போகச் செய்யும் என்பதால் அதைக் கடைசியில் வையுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஒரு மடக்கு, பத்து நிமிடம் கழித்து இன்னொரு மடக்கு குடிக்க வேண்டும், ஏனெனில் கடும் குளிர் இனிப்பையும் மணத்தையும் மறைத்துவிடும். சற்றுச் சூடேறிய பின்னும் திகட்டாமல் நிற்கிற பானம் நன்றாகச் செய்யப்பட்டது. ஐஸ் கட்டி போடக்கூடாது. இடையில் உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும் போதும். பெயர் தெரியாமல் சுவைக்க வேண்டும், அதாவது வீட்டில் ஒருவர் குவளைகளில் ஊற்றி எண் மட்டும் எழுதி வைக்க வேண்டும். அழகான பாட்டிலும் பழமையான எழுத்துருவும் மதிப்பீட்டை எவ்வளவு சாய்க்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். ஒவ்வொன்றிலும் 60 மில்லி அளவு போதுமானது. 355 மில்லி பாட்டில் ஒன்றில் பெரும்பாலும் 40 கிராமுக்குக் குறையாத சர்க்கரை இருக்கிறது. குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தப் பொழுதுபோக்கைப் பகிர்ந்து குடித்தே நடத்த வேண்டும். கரும்புச் சர்க்கரையா மக்காச்சோளப் பாகா என்ற சச்சரவை நான் பெரிதாகக் கருதுவதில்லை. எந்த இனிப்பு என்பதைவிட எவ்வளவு இனிப்பு என்பதே சுவையைக் கெடுக்கவும் காக்கவும் செய்கிறது.

எங்கே வாங்குவது? மதுவடிப்பகங்களைத் தேடிப் போங்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பிலிருந்தபோது, கொப்பரையும் பாட்டில் நிரப்பும் இயந்திரமும் வைத்திருந்த வடிப்பகங்கள் பல, பிழைப்புக்காகக் குளிர்பானங்களுக்குத் திரும்பின. பார்வையாளர்களோடு வரும் குழந்தைகளுக்காகவும் வாகனம் ஓட்டி வருபவர்களுக்காகவும் இன்றும் பல சிறு வடிப்பகங்கள் தமக்கென ஒரு ரூட் பியர் வைத்திருக்கின்றன. மினசோட்டாவின் நியூ உல்மில், ஷெல் வடிப்பகத்தில் தயாராகும் 1919 என்ற ரூட் பியர் பீப்பாய்களில் உணவகங்களுக்குப் போய்க் குழாய் வழியே ஊற்றப்படுவதற்குப் பெயர்பெற்றது; அதற்காகவே ஒரு பயணம் போகலாம். செயின்ட் லூயிஸ் நகரின் டெல்மார் பகுதியிலுள்ள ஃபிட்ஸஸ் உணவகத்தில், பாட்டில் நிரப்பும் பழைய இயந்திரம் ஓடுவதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். பலவற்றை ஒரே கூரையின் கீழ் வாங்க, லாஸ் ஏஞ்சலஸின் கால்கோஸ் கடையும், ஓக்லஹோமாவின் ஆர்கேடியாவில் 66ஆம் எண் நெடுஞ்சாலையோரம் 66 அடி உயர பாட்டில் வடிவச் சின்னத்தோடு 2007இல் திறக்கப்பட்ட பாப்ஸும் உள்ளன.

வாங்கும்போது பாட்டிலின் பின்புறச் சிற்றெழுத்துகளைப் படிப்பது அவசியம். கௌபாய் படமும் வேடிக்கைப் பெயரும் தாங்கி, சுற்றுலா ஊர்களில் விற்கப்படும் பாட்டில்கள் பலவும் ஒப்பந்த அடிப்படையில் ஏதோ ஒரே ஆலையில் நிரப்பப்படுபவை. பெயர் மாறுமே தவிர உள்ளே இருப்பது மாறாது. நிரப்பிய ஊரின் பெயரும் பொருட்பட்டியலும் இரண்டு பாட்டில்களில் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றைக் கடைத்தட்டிலேயே திரும்ப வைத்துவிடுங்கள். பட்டியலில் மசாலாக்களைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கும் தயாரிப்பாளருக்கு முதலிடம் கொடுக்கலாம்.

இனிச் சேகரிப்பு. பானத்தைக் குடித்துவிட்டு பாட்டிலை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற முயல்வது வீண். திராட்சை மது போல முதிர்ந்து மேம்படும் பானமல்ல இது. மூடியின் வழியே வாயு மெல்ல வெளியேறும், வெளிச்சமும் வெப்பமும் மணத்தைக் கெடுக்கும், கோடையில் வண்டியிலோ பனிக்காலத்தில் கொட்டகையிலோ வைத்தால் பாட்டிலே வெடிக்கக்கூடும், கசிந்த சர்க்கரை எறும்புகளை வரவழைக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் வாயு இன்னும் விரைவாகப் போய்விடும். திறக்காத பாட்டிலுக்கு விலை கூடும் என்று சொல்லி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மூடியை நெளியாமல் எடுக்க, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துத் திறப்பானால் நாலாபுறமும் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். 1892இல் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற அந்தப் பல் மூடியையே தனியாகச் சேர்ப்பவர்கள் பலர். இடம் குறைந்த அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதைத்தான். பாட்டில்களில் மூன்று வகையுண்டு: கண்ணாடியிலேயே எழுத்து புடைத்திருப்பது, தாள் ஒட்டியது, 1930களின் நடுப்பகுதியிலிருந்து பரவிய, வண்ணத்தைச் சுட்டுப் பதித்தது. மூன்றாவது வகை தேடத்தக்கது, தண்ணீரில் கழுவினாலும் அழியாதது. தாள் ஒட்டிய பாட்டிலை ஊறவைத்துக் கழுவினால் சேகரிப்பே போய்விடும். உள்ளே மட்டும் வெந்நீர் ஊற்றி அலசித் தலைகீழாக உலர்த்த வேண்டும். மிச்சிகனில் வாங்கிய பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் 10 சென்ட் வைப்புத்தொகை போய்விடும் என்று வீட்டில் யாரேனும் கணக்குச் சொன்னால், அதைச் சேகரிப்பின் செலவாக ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பழம்பொருள் சந்தைகளில் எளிதில் கிடைப்பவை ஹையர்ஸ் சாறு விற்ற சிறு கண்ணாடிப் புட்டிகள். தொடக்கக்காரருக்கு அவை போதும். ஜெர்மனியின் மெட்லாக்கில் வில்லெராய் அண்ட் பாக் ஹையர்ஸுக்காகச் செய்த, சிறுவன் படம் பொறித்த குவளைகள் விலை உயர்ந்தவை. அவற்றைப் போலவே பின்னாளில் செய்த நகல்கள் நிறைய உலவுவதால், அடிப்பகுதி முத்திரையை ஒப்பிடத் தெரியாமல் வாங்கக்கூடாது.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஓர் அட்டை எழுதி வையுங்கள்: எந்த ஊரில் வாங்கியது, எங்கே நிரப்பியது, பொருட்பட்டியல், எந்தக் குடும்பம், நுரை எவ்வளவு நேரம் நின்றது, சூடேறிய பின் எப்படியிருந்தது. சிறு தயாரிப்பாளர்கள் கைமாறும்போது செய்முறையும் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. அதை உங்களுக்குக் காட்டிக்கொடுக்கக்கூடியது அந்த அட்டை மட்டுமே. முதல் வாங்கலுக்கு ஸ்ப்ரெக்கர், அபிடா, பார்க்ஸ், விர்ஜில்ஸ் என்ற வரிசையில் நான்கு பாட்டில்கள் போதும்; மெய்ன் ரூட்டை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.